கொடிமரம் வெட்டப்பட்ட ஆளுநர்

சென்ற இதழில் புயல் எச்சரிக்கை பற்றி எழுதியபோது றொபேட் பிற்ஸ்றோய் என்ற ஆங்கிலேயக் கப்டனை ஒரே வரியில் புகழ்ந்துவிட்டுப் போனேன். அம்மப்பாவின் பாரமானி பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளுக்கும் வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். முப்பத்திரண்டு வருடம் புவியியல் படிப்பித்தவன் நான். இந்த மனிதரைப் பற்றிப் பேச யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன் என்றே சொல்லலாம்.

கேள்வி: டார்வினைக் கப்பலில் கூட்டிச் சென்ற கப்டன்தான் பிற்காலத்தில் பைபிளைத் தூக்கிக்கொண்டு அவரை எதிர்த்தவர் என்று எங்கள் உயிரியல் ஆசிரியர் சொன்னார். நீங்களோ அவரைப் புகழ்ந்து எழுதியிருக்கிறீர்கள். எது சரி?
உயர்தர மாணவி, நெல்லியடி

ஆசிரியர் சொன்னது சரிதான் பிள்ளை. 1860 யூன் மாதம் டார்வினின் பரிணாமக் கொள்கை பற்றி ஒக்ஸ்போட்டில் நடந்த பெரிய விவாதத்தில் பிற்ஸ்றோய் பைபிளை உயர்த்திப் பிடித்தார். ஆனால் அவர் அந்த ஊருக்கு வந்தது அதற்காக இல்லை. பிரித்தானியப் புயல்கள் பற்றி ஒரு கட்டுரை வாசிக்க வந்தவர். பாடப்புத்தகங்கள் பைபிளைப் பிடித்துக்கொண்டு புயலை விட்டுவிட்டன.

1805 யூலை 5ஆம் திகதி பிறந்தவர். பிரதமராக இருந்த ஒரு பிரபுவின் பேரன். பன்னிரண்டு வயதில் போட்ஸ்மத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு தரமுயர்வுப் பரீட்சையில் முழுப் புள்ளியும் எடுத்தவர். 1828இல் பீகிள் கப்பலின் கப்டன் தென்னமெரிக்காவின் தென்கோடியில் மனம் உடைந்து தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் கப்பல் பிற்ஸ்றோயின் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 23.

அடுத்த மாதமே, 1829 ஜனவரியில், உருகுவே கரையோரம் மல்டொனாடோவுக்குப் பக்கத்தில் திடீர்ப் புயல். காற்றின் அமுக்கத்தை அளக்கும் பாரமானி, புயலுக்கு அறிகுறியாக, முன்னரே இறங்கியிருந்தது. இளம் கப்டன் அதைப் பார்த்தும் பெரிதாக எடுக்கவில்லை. பாய்மரங்கள் முறிந்தன, இரண்டு மாலுமிகள் கடலில் போனார்கள். அந்தத் தவறு தன்னுடையது என்பதை அவர் மறைக்கவில்லை. அவருடைய வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இந்த ஒரு நாள் எனக்குப் போதும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வந்ததுதான்.

இரண்டாவது பயணம் 1831 டிசம்பர் 27இல் தொடங்கி 1836 ஒக்ரோபர் 2இல் முடிந்தது. கடலில் நெட்டாங்கைச் சரியாகக் கணிக்க குரோனோமீற்றர் எனப்படும் துல்லியமான கப்பல் மணிக்கூடுகள் 22 கொண்டு போனார். முந்திய கப்டனின் முடிவும், அதேபோல் உயிரை மாய்த்துக்கொண்ட தன் தாய்வழி உறவினர் காசல்றேயின் முடிவும் அவர் மனதில் இருந்தன. தனிமை தன்னையும் அப்படிச் செய்துவிடும் என்று பயந்துதான் பேச்சுத்துணைக்குப் படித்த ஒருவரைத் தேடினார். வந்தவர் 22 வயது டார்வின். அவருடைய மூக்கின் அமைப்பைப் பார்த்து, இவருக்கு மனவுறுதி போதாது என்று கப்டன் முதலில் தயங்கினாராம்.

பிரேசிலில் இருவரும் மோதிக்கொண்டார்கள். அடிமைகளை முதலாளி கூப்பிட்டு 'உங்களுக்கு விடுதலை வேணுமா' என்று கேட்டபோது வேண்டாம் என்றார்களாம். அதை பிற்ஸ்றோய் அடிமை முறைக்குச் சார்பாகச் சொன்னார். முதலாளி முன்னால் நின்று சொன்ன பதிலுக்கு என்ன பெறுமதி என்று டார்வின் திருப்பிக் கேட்டார். கப்டன் கொதித்துப்போய், இனி என் மேசையில் இருக்கவேண்டாம் என்றார். சில மணித்தியாலத்தில் ஆளனுப்பி மன்னிப்புக் கேட்டார். கோபமும் மன்னிப்பும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. ஆனால் அந்த விவாதத்தில் நியாயம் டார்வின் பக்கம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. முதற் பயணத்தில் தியெரா டெல் ஃபுவேகோ தீவு மக்களில் நான்கு பேரை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். ஒரு பையனுக்கு விலையாகச் சிப்பிப் பொத்தான் ஒன்றைக் கொடுத்ததால் அவனுக்கு 'பொத்தான்' என்றே பெயர் வைத்தார்கள். நால்வரில் ஒருவர் அம்மை நோயில் இறந்தார். மற்ற மூவரையும் சொந்தச் செலவிலாவது திருப்பிக் கொண்டுபோய் விடவேண்டும் என்று நின்றதால்தான் இரண்டாவது பயணமே தொடங்கியது. திருப்பி விட்டது நல்லது. கொண்டு போனது பிழை.

கேள்வி: நான் காணிப் பதிவுக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பல் ஓட்டியவரை ஆளுநராக்கினால் காணி விவகாரம் அவருக்கு என்ன விளங்கும்? நியூசிலாந்தில் அவர் என்ன செய்தார்?
வாசகர், சாவகச்சேரி

ஐயா, உங்களுக்குத்தான் இந்தக் கதை முழுதாக விளங்கும். ஏனென்றால் இது ஒரு காணி உறுதியின் கதை.

நியூசிலாந்தின் தென்தீவில் வைராவ் என்று ஒரு சமவெளி. பிளென்கின்சொப் என்ற திமிங்கில வேட்டைக் கப்டன் ஒரு பழைய பீரங்கியைக் கொடுத்து, அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கினார். கப்பலுக்குத் தண்ணீரும் விறகும் எடுக்க அனுமதி என்று சொல்லித்தான் வாங்கினார். தாளில் எழுதியிருந்ததோ காணி முழுவதும். அவர் இறந்த பிறகு அந்த உறுதி மனைவியின் கையிலிருந்து நியூசிலாந்துக் கம்பனிக்குப் போனது. அந்தக் கம்பனி லண்டனில் இருந்துகொண்டே, கண்ணால் காணாத காணியைத் துண்டு துண்டாக விற்ற கம்பனி. இப்படி ஒரு உறுதி உங்கள் மேசைக்கு வந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

1843இல் கம்பனி நில அளவையாளர்களை அனுப்பியது. தலைவர் தே ரௌபராஹாவின் ஆட்கள் வந்து அளவையாளர்களின் பொருட்களை ஒன்றும் சேதப்படாமல் வெளியே எடுத்து வைத்துவிட்டு, குடிசையை மட்டும் எரித்தார்கள். குடிசைக்கு வெட்டிய புல்லும் தடியும் எங்கள் காணியில் வளர்ந்தவை, அதை எரிக்க எங்களுக்கு உரிமை உண்டு என்பது அவர்கள் வாதம். கிளிசரியா மரத்தை வெட்டி வேலியை நகர்த்தினதுக்கே தலைமுறை தலைமுறையாக வழக்காடும் எங்கள் ஊர் மனிதருக்கு இந்த நியாயம் உடனே பிடிபடும். நெல்சன் என்ற குடியேற்றத்திலிருந்து பிடியாணையுடனும் துப்பாக்கிகளுடனும் ஒரு கூட்டம் புறப்பட்டு வந்தது. யூன் 17ஆம் திகதி ஒரு துப்பாக்கி வெடிக்க, சண்டை மூண்டது. மாவோரித் தலைவர் ஒருவரின் மனைவி சுடப்பட்டு இறந்தார். அதற்குப் பழியாகச் சரணடைந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். மொத்தம் 22 வெள்ளைக்காரர் இறந்தார்கள்.

டிசம்பரில் பிற்ஸ்றோய் வந்து இறங்கினார். முதல் ஆளுநர் ஹொப்சன், அவரும் கடற்படைக்காரர், முந்திய வருடமே இறந்துவிட்டார். குடியேறிகள் எல்லோரும் புது ஆளுநர் படை நடத்திப் பழி வாங்குவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் முதலில் அந்தப் பிடியாணைக்குப் பொறுப்பான நீதவான்களைக் கண்டித்தார். பிறகு 1844 பெப்ரவரியில் வைகானே என்ற இடத்துக்குப் போய், நூற்றுக்கணக்கான மாவோரிகள் கூடியிருக்க, தே ரௌபராஹாவின் வாயாலேயே நடந்ததைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சற்று நேரம் யோசித்தார். முதற்பிழை வெள்ளைக்காரருடையது, அந்தக் காணியை அளக்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. சரணடைந்தவர்களைக் கொன்றது பெரிய குற்றம், ஆனாலும் நான் பழி வாங்கமாட்டேன். இதுதான் தீர்ப்பு.

ஒரு ஆளுநர் தன் இனத்தவரின் 22 பிணங்களுக்குப் பிறகு, பிழை எங்கள் பக்கம் என்று மற்றவரின் மண்ணில் நின்று சொன்னார். கடலில் ஒருநாள் தன் பிழையை ஒப்புக்கொண்ட ஆள் என்பதால்தான் தரையிலும் அவருக்கு அது முடிந்தது என்று நான் நம்புகிறேன். குடியேறிகள் அவரை மன்னிக்கவே இல்லை. வடதீவின் தரனாகிப் பகுதியில் காணி ஆணையாளர் கம்பனிக்கு 60,000 ஏக்கர் கொடுத்ததை மறுத்து 3,500 ஏக்கருக்குள் அடக்கியபோது வெறுப்பு இன்னும் கூடியது.

அதே காலத்தில் எங்கள் தீவில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறுதி காட்டமுடியாத தரிசு நிலமும் காடும் முடிக்குரியது என்று சொல்லும் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இங்கே வந்துவிட்டது. கையில் உறுதி இல்லாத கண்டிக் கிராமங்களின் காணி கோப்பித் தோட்டங்களுக்குப் போனது. 1848இல் கலகம் வந்ததும் ஆளுநர் ரொறிங்டன் இராணுவச் சட்டம் போட்டு ஆட்களைச் சுட்டுக்கொன்றார்.

ஆனால் பிற்ஸ்றோய் நல்ல நிர்வாகி என்று நான் சொல்லமாட்டேன். திறைசேரியில் காசு இல்லை. லண்டனைக் கேளாமலே கடன்பத்திரம் அச்சடித்துக் காசாகப் புழங்கவிட்டார். சுங்கவரியை நீக்கினார், பிறகு திரும்பப் போட்டார். அரசு மட்டுமே மாவோரிகளிடம் காணி வாங்கலாம் என்ற பாதுகாப்பையும் அவரே தளர்த்தினார். அது பிழை. முன்கோபமும் குறையவில்லை.

அப்புறம் வடக்கில் கொடிமரம். பிரித்தானிய முடிக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையிலான வைத்தாங்கி உடன்படிக்கையில் 1840இல் முதலாவதாகக் கையெழுத்திட்ட மாவோரித் தலைவர் ஹோனே ஹேகே. கொரொராரெகா மலையில் பிரித்தானியக் கொடி மட்டும் பறப்பதைப் பார்த்து, எங்கள் தலைமை போய்விட்டது என்று உணர்ந்தவர். 1844 யூலையில் அந்த மரம் வெட்டி விழுத்தப்பட்டது. மீண்டும் நட்டார்கள். 1845 ஜனவரியில் இரண்டு தடவை வெட்டினார்கள். இரும்புத் தகடு அடித்துக் காவல் போட்டார்கள். மார்ச் 11ஆம் திகதி நான்காவது தடவையும் மரம் விழுந்தது, ஊரும் எரிந்தது. திரும்பத் திரும்பக் கொடிமரத்தையே ஏன் வெட்டினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கொடியேற்றத்தன்று கோயில் வீதியில் நின்றவர்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை.

அந்த வருடமே லண்டன் அவரைத் திருப்பி அழைத்தது. நவம்பரில் ஜோர்ஜ் கிரே பொறுப்பெடுத்தார். இரண்டு வருடம்கூட முழுதாக ஆளவில்லை.

கேள்வி: கடற்படையிலிருந்து ஆளுநரானவர்கள் வேறு யார்? இலங்கைக்கு அப்படி யாராவது வந்தார்களா?
வாசகர், ஊர்காவற்றுறை

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் முதல் நான்கு ஆளுநர்களும் கடற்படைக்காரர்: பிலிப், ஹன்ரர், கிங், பிளை. கடைசியானவர் 1789இல் பவுன்ரி கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து படகில் இறக்கிவிட்ட அதே பிளை. 1808இல் சிட்னியில் ஆளுநராக இருந்தபோதும் படையினர் அவரைச் சிறைப்பிடித்தார்கள். இலங்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மெயிற்லண்ட், பிரவுண்றிக், பார்ண்ஸ், கொலின் கம்பல் என்று தரைப்படைத் தளபதிகளே அதிகம். ஆனால் 1942 மார்ச்சில் அட்மிரல் ஜெஃப்றி லெயிற்றன் இங்கே பிரதம தளபதியாக வந்தார். ஆளுநர் கல்டெகொட் பதவியில் இருந்தாலும் லெயிற்றனின் சொல்லே மேல். அடுத்த மாதம் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானியர் குண்டு போட்டார்கள்.

கேள்வி: புயல் எச்சரிக்கையை அவர்தான் தொடங்கினார் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் வானொலியில் எச்சரிக்கை கேட்டபிறகும் என் கணவர் வள்ளத்தைத் தள்ளுகிறார். சொன்னால் கோபம் வருகிறது. என்ன செய்வது?
வாசகி, மணற்காடு

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன்.

முதலில் பிற்ஸ்றோய். பதவி போய், கடற்சேவையையும் விட்டபிறகு, 1854இல் கடல் வானிலைத் தரவுகளைச் சேர்க்கும் சின்ன வேலை ஒன்று கிடைத்தது. உதவிக்கு மூன்று பேர். கப்பல்கள் கொண்டுவரும் குறிப்புகளை அட்டவணை போடுவதுதான் வேலை. 1859 ஒக்ரோபரில் றோயல் சாட்டர் என்ற கப்பல் மெல்பேணிலிருந்து பொன்னும் மனிதரும் ஏற்றிக்கொண்டு வந்து, வேல்ஸ் கரையில், வீடு போய்ச் சேர ஒரு நாளும் இல்லாத தூரத்தில், பாறையில் மோதிச் சுமார் 450 பேர் இறந்தார்கள். அந்தப் புயல் வருவதை முன்னமே சொல்லியிருக்கலாம் என்று பிற்ஸ்றோய் வரைபடங்களை வைத்துக் காட்டினார். தந்தி புயலைவிட வேகமாகப் போகும், அவ்வளவுதான் கணக்கு. கரையோர நிலையங்களிலிருந்து தினமும் காலையில் தந்தியில் பாரமானி அளவும் காற்றும் வந்தன. 1861 பெப்ரவரியில் எச்சரிக்கை தொடங்கியது.

எப்படி அறிவித்தார்கள் தெரியுமா? துறைமுகத்தில் ஒரு கம்பம் நட்டு, கறுப்புக் கன்வசில் செய்த கூம்பை ஏற்றினார்கள். கூர் மேலே பார்த்தால் வடக்கிலிருந்து புயற்காற்று, கீழே பார்த்தால் தெற்கிலிருந்து. இரவில் விளக்குகள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தூரத்திலிருந்தே விளங்கும். (சங்கப் பாட்டுகளில் கூம்பு என்றால் பாய்மரம். அந்தச் சொல்லை நினைக்காமல் இதை என்னால் எழுதமுடியவில்லை.) ஒரு கொடிமரத்தால் பதவி இழந்தவர், இன்னொரு கம்பத்தை மற்றவர் உயிருக்காக நட்டார்.

அதே வருடம் ஓகஸ்ட் 1ஆம் திகதி ரைம்ஸ் பத்திரிகையில் முதலாவது பொது வானிலை எதிர்வுகூறல் வந்தது. 'ஃபோகாஸ்ட்' என்ற சொல்லை வானிலைக்கு எடுத்து வைத்தவரும் அவரே. இது சாத்திரமும் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை, கணக்கிட்டு எட்டிய கருத்து என்று வற்புறுத்தினார். எங்கள் 'எதிர்வுகூறல்' அதற்கு நல்ல சொல்.

மீன்பிடித் துறைகளுக்குப் பாரமானிகளும் கொடுக்க ஏற்பாடு செய்தார். இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்கொட்லாந்தில் ஐமத் என்று ஒரு மீன்பிடி ஊர். 1881 ஒக்ரோபர் 14. பாரமானி நன்றாக இறங்கியிருந்தது, எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு கிழமை காற்றால் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. வீட்டில் ஒன்றும் இல்லை. காலை கடல் அமைதியாகக் கிடந்தது. போனார்கள். அந்தக் கரையோரத்தில் 189 பேர் திரும்பவில்லை. எச்சரிக்கை விளங்காமல் போனவர்கள் இல்லை அவர்கள். உங்கள் கணவருக்கும் விளங்காமல் இல்லை. 'காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக' என்று வானொலி தொடங்கும்போதே எங்கள் கரையில் எல்லோருக்கும் மனது திக்கென்றுதான் இருக்கும். வலைக்கடனும் எண்ணெய்க் கடனும் மறுபக்கம் இழுக்கிறது. அதனால் அவரிடம் கடலைப் பற்றி வாதாடாதீர்கள், அது அவருக்கு உங்களைவிடத் தெரியும். கடனைப் பற்றிப் பேசுங்கள். சங்கத்தில் மற்ற வீட்டுப் பெண்களோடு சேர்ந்து, எச்சரிக்கை நாட்களில் கடன் தவணையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். ஒரு வள்ளம் கரையில் நிற்க மற்றது போனால் நிற்பவனுக்குப் பொறுக்காது. துறையே சேர்ந்து நின்றால் நிற்பான்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. 1964 டிசம்பரில் எனக்கு ஒன்பது வயது. தனுஷ்கோடியை அழித்த புயல் அது. அம்மப்பா பாய்க்கப்பலில் தண்டையலாக இருந்தவர், வயது போய்க் கரையேறிவிட்டார். சுவரில் தொங்கிய பாரமானியை அவர் 'முள்ளு' என்றுதான் சொல்லுவார். அன்று பின்னேரம் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் துறைக்குப் போனார். வாடைக்காற்று மாதத்தில் முள்ளு இப்படி விழக்கூடாது என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு வள்ளமாகப் போய் நின்றார். கெஞ்சினார், பிறகு ஏசினார். எங்கள் துறையில் ஒருவரும் இறங்கவில்லை. சிலர் ஒரு நாள் உழைப்புப் போனதென்று அவரோடு கதைக்காமல் விட்டார்கள், விடியும் வரைக்கும். விடிந்தபோது கரையில் கட்டியிருந்த வள்ளங்கள் பனைகளுக்கிடையில் கிடந்தன. ஆட்கள் இருந்தார்கள்.

கேள்வி: இவ்வளவு செய்தவர் ஏன் தன்னையே மாய்த்துக்கொண்டார்?
வாசகர், கொக்குவில்

1865 ஏப்ரல் 30, ஒரு ஞாயிறு காலை. அதற்கு முன் வந்தவை பல. எதிர்வுகூறல் பிழைத்த நாட்களில் பத்திரிகைகள் ஏளனம் செய்தன. முதலில் பிரசுரித்த ரைம்ஸே குறை சொன்னது. விஞ்ஞானிகள் சிலர் இது விஞ்ஞானமே இல்லை என்றார்கள். காது கேட்பது குறைந்துகொண்டு வந்தது, உடலும் தளர்ந்தது. இளமையிலிருந்து பயந்த அந்த இருட்டு கடைசியில் அவரைப் பிடித்தது. அது ஒரு நோய் ஐயா. எங்கள் ஊரில் இன்னும் அதை வெட்கம் என்று மூடிவைக்கிறோம், அது எனக்குப் பெரிய கவலை. மனது அப்படிக் கனத்தால் வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லவேண்டும், ஆசுபத்திரிக்கும் போகவேண்டும்.

இறந்தபிறகு பார்த்தால் வீட்டில் காசே இல்லை. தன் சொத்தைப் பீகிளுக்கும் நியூசிலாந்துக்கும் செலவழித்திருந்தார். நண்பர்கள் சேர்த்த குடும்ப நிதிக்கு டார்வின் 100 பவுண் கொடுத்தார். 1866 டிசம்பரில் புயல் எச்சரிக்கையை நிறுத்தினார்கள். துறைமுகங்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால் அடுத்த வருடமே கூம்பு மறுபடி ஏறியது. 2002இல் பிரித்தானியக் கப்பல் வானிலை அறிக்கையில் ஒரு கடற்பரப்புக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரை இப்போதும் தினமும் கடலுக்குப் போகிறவர்களுக்கு வாசிக்கிறார்கள்.

கேள்வி: உங்கள் அம்மப்பாவின் பாரமானி இப்போதும் இருக்கிறதா? எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்குத் தருவீர்களா?
தரம் 9 மாணவன், பருத்தித்துறை

இல்லை தம்பி. 1987இல் வடமராட்சியை விட்டு ஓடியபோது அம்மம்மாவைச் சைக்கிளில் ஏற்றினேன், உறுதிகளைப் பையில் வைத்தேன், பாரமானி நினைவுக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. ஆனால் ஒரு ஜாம் போத்தல், ஒரு பலூன், ஒரு ஈர்க்கு, கொஞ்சம் பசை கொண்டு வா. போத்தல் வாயில் பலூனை இறுக்கிக் கட்டி, ஈர்க்கை அதன் நடுவில் ஒட்டினால் முள்ளாகும். வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டும். சனிக்கிழமை பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன்.